பாய்மரமும் நாயும் பயண அனுமதியும்

லாச்சப்பல் கடைத்தெருவில் மரக்கறியும் மீனும் வாங்கிக்கொண்டு ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்தைக் கடந்து செல்லும் எம்மவரிற் பலர், அதன் மறுபுறத்தே விரிந்து கிடக்கும் வில்லெத் நீர்நிலையைத் தரித்து நின்று பார்ப்பதில்லை. பாரிஸ் மாநகருக்குக் குடிநீர் கொண்டுவருவதற்கென 1802இல் நெப்போலியன் இட்ட ஆணையின் விளைவுகளுள் அதுவும் ஒன்று. அங்கிருந்து தெற்கே இறங்கும் சாந்-மார்த்தன் கால்வாய் 1825இல் திறக்கப்பட்டது. 4.5 கிலோமீற்றர் நீளமான அக்கால்வாய், 9 மதகுகளின் வழியே ஏறத்தாழ 25 மீற்றர் இறங்கி, பஸ்தீய் சதுக்கத்தின் அடியில் சுமார் 2 கிலோமீற்றர் சுரங்கமாக ஓடி, செயின் நதியைச் சேர்கின்றது.

கால்வாய் நதியோடு கூடும் இடத்திலுள்ள ஆர்செனல் துறையில் 1983 முதல் உல்லாசப் படகுகள் தங்குகின்றன. கோடையில் அங்கு செல்வோர் கடலோடுவதற்கென அமைந்த பாய்மரப் படகுகளைக் காணலாம். அவற்றின் பாய்மரங்கள் கழற்றப்பட்டுத் தளத்தின்மீது நீளவாக்கிற் கிடத்தப்பட்டிருக்கும். ஒல்லாந்து, பிரித்தானியா, சுவீடன் எனப் பல நாட்டுக் கொடிகள் அசையும். சாய்த்த மரத்தின் கீழே நாயொன்று உறங்கிக் கிடப்பதும் உண்டு.

வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று இதனைத் தள்ளிவிடலாம். எனினும் நீர்வழிப் பயணம் என்பது வாயில்களும் காத்திருப்பும் கடதாசிகளும் சேர்ந்தது. இம்மூன்றையும் நன்கறிந்த எமது வாசகர்களுக்கு இதில் அக்கறைக்குரியன பல உள்ளன.

கடலிலிருந்து கடலுக்கு

வட ஐரோப்பாவிலிருந்து மத்தியதரைக் கடலுக்குப் படகிற் செல்ல இரு வழிகள் உள்ளன. ஒன்று பிஸ்கே விரிகுடாவைக் கடந்து, ஸ்பெயினையும் போர்த்துக்கலையும் சுற்றி, ஜிப்ரால்ட்டர் வழியாகச் செல்லும் கடல்வழி. மற்றையது பிரான்சின் நடுவே செல்லும் நன்னீர் வழி. சிறு படகினர், அதிலும் நாயுடன் செல்வோர், பெரும்பாலும் இரண்டாவதையே விரும்புவர்.

லு ஹாவ்ர் துறைமுகத்திலிருந்து செயின் நதியுள் நுழையும் படகு, ஏறுகின்ற கடல் நீரோட்டத்தைத் துணையாகக் கொண்டு ரூவான் நகரை அடையும். கடலின் ஏற்றவற்றம் ரூவானையும் தாண்டி அம்ஃப்ரெவில் மதகுவரை உணரப்படுகின்றது. நதிமுகத்திலோ ரூவானிலோ பாரந்தூக்கியின் உதவியுடன் பாய்மரம் இறக்கப்படும். பின்னர் பாரிஸ், லுவாங் கால்வாய், பிரியார் கால்வாய், லுவார் நதியை ஒட்டிய கால்வாய் என்று சென்று, ஷாலோனில் சோன் நதியை அடைந்து, லியோனில் றோன் நதியிற் புகுந்து, போர்-சாந்-லூயி என்னுமிடத்திற் கடலைச் சேரலாம். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மதகுகளைக் கடந்த பின்னர் அங்கே பாய்மரம் மீண்டும் நிமிர்த்தப்படும்.

மரத்தைச் சாய்ப்பது ஏன்? இக்கால்வாய்களிற் பெரும்பாலானவை, பொதுப்பணி அமைச்சராக இருந்த ஷார்ல் டு ஃப்ரெசினே 1879இல் கொண்டுவந்த சட்டத்தின் அளவுகளுக்கு அமைந்தவை. சரக்குப் படகின் நீளம் 38.5 மீற்றர் என்று வகுக்கப்பட்டது. பாலங்களுக்கு அடியிற் சுமார் 3.5 மீற்றர் உயரமே இருக்கும். எனவே காற்றை நம்பிப் பிறந்த படகு, நாடு முழுவதையும் இயந்திரத்தின் துணையோடு கடக்கின்றது.

பிரியார் நகரிற் படகு நதியொன்றின் மேலாகவே செல்லும். 1896இல் திறக்கப்பட்ட 662 மீற்றர் நீளமான நீர்ப்பாலம் அங்கே கால்வாயை லுவார் நதிக்கு மேலாகத் தூக்கிச் செல்கின்றது. கீழே மணல் திட்டுகளோடு காட்டாறு. மேலே அசைவற்ற நீரில் ஊர்ந்து செல்லும் படகு.

மதகினுள்ளே

பிரெஞ்சில் எக்ளூஸ் எனப்படும் மதகு, உண்மையில் இருபுறமும் கதவிட்ட ஒரு நீர்த்தொட்டியாகும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் படகு அதனுள் நுழைந்ததும் பின்கதவு மூடப்படும். முன்கதவிலுள்ள சிறு வாயில்கள் திறக்கப்பட, நீர் மெல்ல வடியும். படகும் அதனோடு இறங்கும். உள்ளும் வெளியும் நீர்மட்டம் ஒன்றாகும்வரை முன்கதவைத் திறக்க முடியாது. நீரின் பாரமே அதனை அழுத்தி வைத்திருக்கும். மேலேறும் படகுக்கு இதே செயல் எதிர்மாறாக நிகழும்.

புதியவர்கள் முதலிற் கற்கவேண்டியது கயிற்றை இறுகக் கட்டக்கூடாது என்பதையே. கரையிலுள்ள தறியைச் சுற்றிக் கயிற்றை எடுத்து, அதன் நுனியைக் கையிற் பிடித்து, நீர் இறங்க இறங்க நெகிழவிட வேண்டும். கட்டிவிட்டு அயர்ந்தால் நீர் இறங்கிப் போக, படகு சுவரிற் தொங்கும். றோன் நதியில் லியோனுக்குக் கீழேயுள்ள பெரிய மதகுகள் 12. அவற்றுள் பொலேன் மதகிற் படகு சுமார் 23 மீற்றர் ஆழத்துக்கு, ஏழு மாடி வீட்டின் உயரத்துக்கு, இறங்கும். நாய் அவ்வேளையிற் படகறையினுள் இருப்பதே நன்று. கதவுகளின் இரைச்சலுக்கு அஞ்சிப் பாய்ந்துவிட்டால், வழுவழுத்த சுவரில் அது பற்றி ஏற இடமில்லை.

முன்னர் ஒவ்வொரு மதகிலும் காவலரின் குடும்பம் வாழ்ந்தது. இன்று பல மதகுகள் தாமாகவே இயங்குகின்றன. படகோட்டியின் கையிற் சிறிய கருவியொன்று கொடுக்கப்படுகின்றது. காவலர் எஞ்சியுள்ள இடங்களில் தோட்டத்துத் தக்காளியும் கோழிமுட்டையும் விலைக்குக் கிடைக்கும். அவரது மதிய உணவு வேளையில் மதகு மூடப்பட்டிருந்தால், எவ்வளவு பணம் படைத்தவரும் கரையிற் கட்டிவிட்டுக் காத்திருக்கத்தான் வேண்டும்.

படகு நாய்கள்

சிறு கால்வாய்களில் வேக எல்லை பொதுவாக மணிக்கு 6 கிலோமீற்றர். விரைந்து நடக்கும் மனிதனின் வேகம் அது. கால்வாயை ஒட்டி, முன்னாளிற் குதிரைகளும் மனிதரும் படகை இழுத்துச் சென்ற பாதை இன்றும் இருக்கின்றது. ஒருவர் படகைச் செலுத்த, மற்றவர் நாயுடன் அப்பாதையில் நடந்து அடுத்த மதகுக்குப் படகோடு ஒன்றாகவே வந்து சேர்ந்துவிடலாம். நாய்க்கு இதைவிட உகந்த பயணம் வேறில்லை.

கடலோரத்தில் நிலைமை வேறு. துறைமுகத்துக்குத் துறைமுகம் எட்டு, பத்து மணிநேரம் ஓட நேர்ந்தால், தரையன்றி வேறெங்கும் கழிக்கப் பழகாத நாய் துன்புறும். புற்றரை போன்ற விரிப்பொன்றைத் தளத்தில் இட்டு, புறப்படுவதற்கு வாரங்கள் முன்னரே வீட்டில் அதனைப் பழக்குவர். முதுகிற் கைபிடி தைத்த மிதவைச் சட்டை, தளத்தைச் சுற்றிய கம்பிகளிற் கட்டும் வலை, நிறைந்த குடிநீர் ஆகியன இன்றியமையாதவை. நாய்களுக்கும் கடற்பிணி உண்டு. கோடையிற் தேங்கிய நீரிற் படரும் நீலப்பச்சைப் பாசி நாயைக் கொல்லவும் கூடும் என்பதால், நீர் பச்சையாகத் தெரியுமிடத்தில் அதனை இறங்க விடுவதில்லை.

ஒல்லாந்தின் வடக்கேயுள்ள வாடன் கடலிற் தட்டையான அடிப்பாகமுடைய படகுகள் வற்றுக்காலத்தில் வேண்டுமென்றே மணலில் அமர்ந்துவிடும். அப்போது சில மணிநேரம் கடலின் அடித்தளமே நடைபாதையாகும். கடல்நாய்கள் ஓய்வெடுக்கும் திட்டுகளை விட்டு விலகி, கயிற்றிற் பிடித்தபடி நாயை அங்கு நடத்துவர்.

படகுக்கும் நாய்க்குமான உறவு இந்நாடுகளிற் பழையது. பெல்ஜியத்தின் சரக்குப் படகுகளில் ஸ்கிப்பர்க் எனும் சிறிய கரிய நாய் எலிகளை வேட்டையாடியும் இரவிற் காவல் செய்தும் வாழ்ந்தது. ஒல்லாந்தின் கேஸ்ஹொண்ட் எனும் சடை நாயின் வரலாறு இன்னும் சுவையானது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரேஞ்ச் அரச குடும்பத்தை எதிர்த்த தேசபக்தர் கட்சி அந்நாயைத் தன் சின்னமாகக் கொண்டிருந்தது. 1787இல் அக்கட்சி முறியடிக்கப்பட்டபோது, அந்நாயை வீட்டில் வைத்திருப்பதே ஐயத்துக்கு இடமாகும் என்று அஞ்சிப் பலர் அதனைக் கைவிட்டனர் என்பது மரபுவழிச் செய்தி. அரசியல் அறியாத படகோட்டிகளிடமும் கமக்காரரிடமுமே அவ்வினம் தப்பிப் பிழைத்ததாம். அடையாளத்தின் பெயரால் துரத்தப்படுவது மனிதருக்கு மட்டும் நேர்வதல்ல போலும்.

எமது ஊர்களில் நாய் படலைக்கு உள்ளே இருக்கும். வீட்டுக்கு உள்ளே வராது. விறாந்தையில் ஏறினாலே விரட்டப்படும். இங்கு பிறந்த எம் பிள்ளைகள் நாய் வேண்டுமென்று அடம்பிடிக்கும்போது பெற்றோர் திகைப்பது இதனாலேயே. படகில் முற்றமும் இல்லை, விறாந்தையும் இல்லை. பத்து மீற்றர் நீளத்துக்குள் மனிதரும் நாயும் ஒரே அறையில் உண்டு உறங்குகின்றனர்.

சிமெனோனும் ஓலாஃபும்

இவ்வகைப் பயணத்தை இலக்கியத்துக்குள் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் ஜோர்ஜ் சிமெனோன். 1903இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரிற் பிறந்து, 1922இன் இறுதியிற் பாரிசுக்கு வந்து, புனைபெயர்களில் மலிவுப் பதிப்பு நாவல்களை எழுதிக் குவித்துக்கொண்டிருந்தவர் அவர். 1928இல் 'ஜினெத்' என்ற சிறு படகொன்றை வாங்கி, மனைவி டிஜி, பணிப்பெண் பூல், ஓலாஃப் என்ற பெரிய டேனிய இன நாய் ஆகியோருடன் பிரான்சின் ஆறுகளையும் கால்வாய்களையும் சுற்றிவந்தார். கன்றுக்குட்டியளவு நாயொன்றைச் சிறு படகில் ஏற்றிச் சென்றதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

மறு ஆண்டில், ஃபெக்காம் மீன்பிடித் துறைமுகத்தில் அமைக்கப்பட்ட, சுமார் 10 மீற்றர் நீளமான 'ஒஸ்ற்றோகொத்' என்ற பாய்மரப் படகில் அதே குடும்பம் வடக்கே புறப்பட்டது. பெல்ஜியத்தையும் ஒல்லாந்தையும் கடந்து எம்ஸ் நதிமுகத்திலுள்ள டெல்ஃப்சைல் துறைமுகத்தை அடைந்தது. படகின் பலகை இடுக்குகளை அடைக்கும் வேலை அங்கே நடந்தபோது, கைவிடப்பட்ட பழைய படகொன்றில் அமர்ந்து துப்பறியும் அதிகாரி மெக்ரேயைப் படைத்ததாகச் சிமெனோன் பின்னாளிற் கூறினார். ஆய்வாளர்கள் இக்கூற்றின் காலக்கணக்கை ஐயுறுகின்றனர். டெல்ஃப்சைல் மக்களோ ஐயுறவில்லை. 1966இல் மெக்ரேக்குச் சிலையே வைத்துவிட்டார்கள்.

அதே டெல்ஃப்சைல்தான் இன்று, பாய்மரத்தைச் சாய்க்காமலே ஒல்லாந்தைக் கடக்கும் நீர்வழியின் வட முனையாகவும் விளங்குகின்றது. தெற்கே ஃபிலிசிங்கனில் தொடங்கும் அவ்வழியிற் பாலங்களே படகுக்காகத் திறக்கின்றன. ஆம்ஸ்ரடாமில் மட்டும், தொடருந்துப் பாலம் நள்ளிரவுக்குப் பின்னரே திறக்கும் என்பதால், படகுகள் அணியாகக் காத்திருந்து இருளிற் கடக்கின்றன. புத்தளம், நீர்கொழும்புப் பகுதிகளில் டச்சுக் கால்வாயைக் கண்டவர்களுக்கு, அதனை வெட்டியவர்களின் தாயகம் எத்தகையது என்பது இங்கு விளங்கும்.

சிமெனோனின் பயணம் எங்கும் இனிதாக அமைந்துவிடவில்லை. ஜேர்மனியின் கடற்படைத் துறைமுகமான வில்ஹெல்ம்ஸ்ஹாவனில், வெளிநாட்டுக் கொடியுடன் வந்து நாள் முழுதும் தட்டச்சு செய்துகொண்டிருந்த இம்மனிதர் ஒற்றரோ என்று அதிகாரிகள் ஐயங்கொண்டு, வெளியேறுமாறு பணித்தனர். அவர் படகைத் திருப்பிக்கொண்டு போனார். போவதற்கு அவருக்கு இடமிருந்தது.

நாய்க்கும் கடவுச்சீட்டு

ஓலாஃபிடம் எவரும் கடதாசி கேட்டிருக்க மாட்டார்கள் என்று எண்ணத் தோன்றும். இன்று அவ்வாறில்லை. நீர்வெறுப்பு நோயின் அச்சத்தால், பிரித்தானியாவுக்குக் கொண்டுவரப்படும் நாய்கள் ஆறு மாதம் தனிமைக் காவலில் வைக்கப்படவேண்டும் என்ற விதி, தடுப்பூசியை ஏற்கும் புதிய திட்டம் 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் வரும்வரை ஐரோப்பியத் தரையிலிருந்து வந்த நாய்களுக்கும் இருந்தது. 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியம் நாய்களுக்குக் கடவுச்சீட்டு வழங்குகின்றது. தோலின் கீழே செலுத்திய சில்லின் இலக்கம், தடுப்பூசித் திகதி, மிருக வைத்தியரின் கையொப்பம் ஆகியன அதிற் பதியப்படும். முதற் தடுப்பூசியின் பின்னர் 21 நாட்கள் காத்திருந்தால் எல்லை திறக்கும்.

பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகியதால், 2021 ஜனவரி முதல் அங்கு வழங்கப்பட்ட நாய்க் கடவுச்சீட்டுகள் ஐரோப்பாவிற் செல்லாதனவாயின. ஒவ்வொரு பயணத்துக்கும் வைத்தியச் சான்றிதழ் வேண்டும் என்றாயிற்று. திரும்பி வருவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிரான்சிலிருந்தோ ஒல்லாந்திலிருந்தோ தனியார் படகில் நாயைப் பிரித்தானியக் கரைக்குக் கொண்டுவர விதி இடந்தராது. அங்கீகரிக்கப்பட்ட பயணிகள் கப்பலிலோ சுரங்க வழியிலோ தான் அது வரவேண்டும். ஆகவே கோடை முழுவதும் தன் படகிலேயே வாழ்ந்த நாய், வீடு திரும்பும்போது அப்படகை விட்டு இறங்கி, வேறு கப்பல் ஏறுகின்றது.

நாய்மீது பொறாமை கொண்டு இதனை எழுதவில்லை. நோயைத் தடுக்க விதி வேண்டும். எமது கவனத்தை ஈர்ப்பது அவ்விதியின் தெளிவே. நாயிடம் கேட்கப்படுவன எண்ணக்கூடியவை: ஒரு இலக்கம், ஓர் ஊசி, இருபத்தொரு நாட்கள். தஞ்சம் கோருவோரிடம் கேட்கப்படுவதோ அச்சத்துக்கான சான்று. அதனை எத்தனை பக்கத்தில் எழுதினால் நம்புவார்கள், எத்தனை மாதத்தில் பதில் வரும் என்று எவரும் கூறுவதில்லை. 1951ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை தனது 28ஆவது பிரிவில் அகதிகளுக்குப் பயண ஆவணம் வழங்குமாறு கூறுகின்றது. அது அகதியென ஏற்கப்பட்டவர்களுக்கே. விண்ணப்பம் நிலுவையிலிருக்கும் ஒருவர், பெற்ற தாயின் மரணச் செய்தி வந்தாலும் எல்லையைக் கடக்க முடியாமல் அறைக்குள் இருந்து அழுவதை எம்மவர் கண்டிருக்கின்றனர்.

லா றோஷெல் துறைமுகத்தில்

சிமெனோனின் கதை கால்வாயோடு முடியவில்லை. 1940 மே மாதம் ஜேர்மனியப் படைகள் பெல்ஜியத்துட் புகுந்தபோது, பெருந்தொகையான பெல்ஜிய மக்கள் பிரான்சுக்கு ஓடிவந்தனர். மேற்குக் கரையிலுள்ள லா றோஷெல் நகருக்கு வந்து சேர்ந்தவர்களைப் பொறுப்பேற்கும் ஆணையாளராக, அப்பகுதியில் வாழ்ந்த சிமெனோன் நியமிக்கப்பட்டார். பதினொரு ஆண்டுகளுக்கு முன்னர் நாயுடன் விரும்பிய திசையிற் பாய் விரித்தவர், இப்போது தொடருந்திலும் படகிலும் வந்திறங்கிய தம் நாட்டவர்க்கு உணவும் உறைவிடமும் தேடி அலைந்தார்.

1947இல் வெளிவந்த 'ஒஸ்தாண்ட் குலத்தார்' என்னும் அவரது நாவல் அந்நாட்களிற் பிறந்தது. ஒஸ்தாண்ட் நகர மீனவக் குடும்பமொன்று தன் மீன்பிடிப் படகுகளில் உறவினரையும் தட்டுமுட்டுகளையும் ஏற்றிக்கொண்டு லா றோஷெலை அடைகின்றது. அவர்கள் இரந்து நிற்கவில்லை. தம் படகு, தம் தொழில், தம் மொழி என்று தலைநிமிர்ந்து நிற்க விரும்புகின்றனர். அதிகாரமோ அவர்களைப் பட்டியலில் ஓர் இலக்கமாக்கி, குறித்த இடத்துக்கு அனுப்ப முனைகின்றது. இம்மோதலை எழுதிய அதே எழுத்தாளர், 1921இற் பதினெட்டு வயது இளைஞராக லியேஜ் நாளிதழொன்றில் யூதருக்கெதிரான கட்டுரைத் தொடரை எழுதியவர் என்பதையும் மறைத்தலாகாது. துறைமுகத்தில் அவர் கண்ட முகங்கள் அவரை எவ்வளவு தூரம் மாற்றின என்பதை அவரது நூல்களைப் படிப்போரே முடிவு செய்யட்டும்.

படகிற் பிழைத்தோர் வரலாற்றில் எமது பக்கங்களும் உண்டு. 1990களின் முற்பகுதியிற் கிளாலிக் கடனீரேரியை விளக்கணைத்த படகுகளில் இரவோடிரவாகக் கடந்தவர்கள் இப்பத்திரிகையை வாசிக்கின்றனர். 1986 ஓகஸ்ட் 11ஆம் நாள், கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை அந்நாட்டு மீனவர் மீட்டனர். அம்மீனவர் முதலிற் கேட்டது கடதாசியை அல்ல. 2021 நவம்பர் 24ஆம் நாள், உல்லாசப் படகுகள் நாள்தோறும் கடக்கும் அதே ஆங்கிலக் கால்வாயிற் காற்றடைத்த படகொன்று மூழ்கிக் குறைந்தது 27 பேர் மாண்டனர்.

சாந்-மார்த்தன் கால்வாயின் வால்மி கரையிலும் 2018 வசந்த காலத்தில் ஆப்கான் இளைஞர்களின் கூடாரங்கள் வரிசையாக நின்றன. யூன் மாதத் தொடக்கத்தில் அவை அகற்றப்பட்டன. கூடாரங்களின் முன்னே நீரில் உல்லாசப் படகுகள் வழமைபோல் மதகுகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

நீரைக் கண்டதும் பிள்ளையின் கையை இறுகப் பற்றும் தாய்மார் எம்மிடையே பலர். அவர்களது அச்சத்துக்குக் காரணம் உண்டு. ஆயினும் அவ்வச்சம் பிள்ளைகளுக்கும் முதுசமாகப் போகவேண்டியதில்லை. வில்லெத் நீர்நிலையில் அனுமதிப்பத்திரமின்றியே சிறு மின்படகுகளை வாடகைக்கு எடுக்கலாம். பிரான்சின் கால்வாய்களில் வாடகைப் படகொன்றைச் செலுத்தவும், புறப்படுமுன் அளிக்கப்படும் குறுகிய பயிற்சியே போதுமானது. அதுவும் செலவென்றால், கரையில் நின்று பார்ப்பதற்குச் செலவில்லை. கோடைக்கால ஞாயிறொன்றில் வால்மி கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். படகு வரும்போது மணி ஒலிக்கும், தெருவின் குறுக்கே தடுப்பு இறங்கும், வாகனங்கள் நிற்கும், பாலம் மெல்லச் சுழன்று விலகும். சாய்த்த பாய்மரத்தோடும் தளத்தில் நிமிர்ந்து நிற்கும் நாயோடும் சிறு படகொன்று கடந்து செல்லும்வரை, தெரு காத்து நிற்கும்.